ஹோம் தியேட்டர் ரிசீவர்: எந்தக் கருவியை எந்த வழியாக இணைப்பது? முழுமையான வழிகாட்டி

கருவிகளின் ஒலியை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது ரிசீவர். பலர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஸ்பீக்கர்களை மாட்டி, ஒரு படத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். ஐந்து பக்கமும் சத்தம் கேட்கும். வேலை முடிந்தது என்று எண்ணிவிடுவார்கள். சொந்தக்காரர், நண்பர் என்று நான் போய்ப் பார்த்த பல வீடுகளில் ரிசீவரின் முகப்பில் 'பிசிஎம்' (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்றோ 'ஸ்டீரியோ' என்றோ எழுதியிருந்தது. உள்ளே வருவது இரண்டே சேனல், அதாவது இரண்டு ஒலித்தடம். ரிசீவர் அதைப் பிரித்து ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கு போட்டுக்கொண்டிருந்தது.

பெரும்பாலும் கேபிளின் விலைக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதில்லை. படம் ஓடும் கருவியிலிருந்து ரிசீவர் வரைக்கும் ஒலி வரும் பாதையில் எந்த இடம் மிகக் குறுகலோ, அந்த அளவுக்குத்தான் கடைசியில் ஒலி கிடைக்கும். அதனால் பாதையை முதலில் முடிவு செய்யுங்கள், கேபிளைக் கடைசியில் வாங்குங்கள்.

1. கை வைக்கும் முன் சேகரிக்க வேண்டியவை

டிவியின் பின்பக்கத்தையும் ரிசீவரின் பின்பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிவியைச் சுவரில் ஒட்டி மாட்டியிருந்தால், கஷ்டப்பட்டாவது ஒருமுறை முன்னால் இழுத்து எடுத்துவிடுங்கள். போர்ட்டின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் சிறு எழுத்துதான் எல்லா முடிவுக்கும் ஆதாரம். டிவியில் மூன்று நான்கு எச்டிஎம்ஐ போர்ட் இருந்தாலும், வழக்கமாக ஒன்றில் மட்டும்தான் 'ஆர்க்' (ARC) அல்லது 'இ-ஆர்க்' (eARC) என்ற குறிப்பு இருக்கும். டிவியின் ஒலி ரிசீவருக்குத் திரும்பிப் போகும் வழி அது.

பிறகு ஒரு தாளில் வீட்டில் உள்ள கருவிகளை எழுதுங்கள்: செட்டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் ஸ்டிக், புளூ-ரே பிளேயர், கேம் கன்சோல், டிவிக்குள்ளேயே இருக்கும் செயலிகள். கடைசியாகச் சொன்னதைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். நம் வீடுகளில் இன்று அதிகம் ஓடுவது அதுதான்.

டிவிக்கும் ரிசீவருக்கும் உள்ள தூரத்தை நேர்க்கோட்டில் அளக்காதீர்கள். கேபிள் சுவரோரமாக, அலமாரிக்குப் பின்னால் எப்படிப் போகுமோ அப்படி ஒரு நூலைப் பிடித்து அளந்து, அரை மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

2. ஒவ்வொரு கருவியும் அனுப்பும் ஒலி எவ்வளவு பெரியது

பாதையைத் தேர்ந்தெடுக்கும் முன், அதில் போகவேண்டிய சுமை தெரியவேண்டும்.

ஓடிடி செயலிகள் அனுப்பும் 5.1 ஒலி (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்-வூஃபர்) பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவம். அவற்றில் வரும் டால்பி அட்மாஸும் (தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் வகை) அதே பொதிக்குள் ஏறித்தான் வருகிறது. நெட்ஃபிளிக்ஸின் அட்மாஸ் அதிகபட்சம் நொடிக்கு 768 கிலோபிட். இது சின்னச் சுமை.

புளூ-ரே வட்டில் இருக்கும் டால்பி ட்ரூ எச்டி வேறு ரகம். அதன் உச்சம் நொடிக்கு 18 மெகாபிட் வரை போகும். டால்பிக்குப் போட்டியான டிடிஎஸ் வகையின் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவும் இதே போன்ற பெரிய சுமைதான்.

கேம் கன்சோல்கள் பல சேனல் ஒலியைச் சுருக்காமல் பிசிஎம் வடிவிலேயே அனுப்பக்கூடியவை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: எட்டு சேனல், நொடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 24 பிட் என்றால் நொடிக்கு 9 மெகாபிட்டைத் தாண்டுகிறது. ஆப்பிள் டிவி 4கே-யும் இந்த வகையில்தான் சேரும். அது அட்மாஸைக்கூட டால்பி டிஜிட்டல் பிளஸாக அனுப்பாமல், உள்ளேயே பிரித்து, பிசிஎம் ஒலியோடு இடக்குறிப்புகளைச் சேர்த்து அனுப்புகிறது. ஒரே படத்தை ஒரே ஓடிடியில் போட்டாலும், டிவியின் செயலியில் அட்மாஸ் வருகிறது, ஆப்பிள் டிவியில் வரவில்லை என்று சிலர் குழம்புவது இதனால்தான்; இந்தப் பெரிய பிசிஎம் சாதாரண ஆர்க்கில் போகாது.

செட்டாப் பாக்ஸில் பெரும்பாலும் ஸ்டீரியோ. சில எச்டி டிவி சேனல்களில் டால்பி.

3. எந்த வழி எவ்வளவு தாங்கும்

கருவியிலிருந்து நேராக ரிசீவரின் எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு வரும் வழிதான் அகலமானது. மேலே சொன்ன எல்லாமே அதில் போகும்.

டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலி திரும்பி வரும் வழிகள் இரண்டு. 2009-ல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது ஆர்க். ஸ்டீரியோ பிசிஎம், டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஆகியவை போகும். பெரும்பாலான டிவிகளில் டால்பி டிஜிட்டல் பிளஸும் போகும். ஆகவே ஓடிடி அட்மாஸுக்குச் சாதாரண ஆர்க்கே போதும். இதைத் தெரியாமல் புது டிவி வாங்கக் கிளம்பியவர்களை நான் தடுத்திருக்கிறேன். ஆனால் ட்ரூ எச்டியும் பல சேனல் பிசிஎம்மும் இதில் நுழையாது.

2017 நவம்பரில் எச்டிஎம்ஐ 2.1 உடன் வந்த இ-ஆர்க், நொடிக்கு ஏறக்குறைய 37 மெகாபிட் தாங்கும். ட்ரூ எச்டி, டிடிஎஸ்-எச்டி, எட்டு சேனல் பிசிஎம் எல்லாம் போகும். ஆனால் இரண்டு முனையிலும் இ-ஆர்க் இருக்கவேண்டும். டிவியில் மட்டும் இருந்து ரிசீவரில் இல்லையென்றால் சாதாரண ஆர்க்காகத்தான் ஓடும்.

ஆப்டிகல், கோஆக்சியல் ஆகிய இரண்டும் திறனில் ஒன்றே: ஸ்டீரியோ பிசிஎம், டால்பி டிஜிட்டல், டிடிஎஸ். டால்பி டிஜிட்டல் பிளஸுக்கு இவற்றில் இடமில்லை. ஆகவே ஆப்டிகல் வழியாக அட்மாஸ் கேட்கவே முடியாது. எத்தனை விலை கொடுத்து ஆப்டிகல் கேபிள் வாங்கினாலும் இது மாறாது.

சிவப்பு வெள்ளை ஆர்சிஏ கம்பிகளில் இரண்டு சேனல் அனலாக் மட்டும். புளூடூத் பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். படத்துக்கு வேண்டாம், உதட்டசைவுக்குப் பின்னால் ஒலி வரும்.

4. ரிசீவர் வழியாகவா, டிவி வழியாகவா?

முழு வேலையிலும் முக்கியமான முடிவு இது. தாளில் எழுதிய ஒவ்வொரு கருவிக்கும் எதிரே 'ரி' அல்லது 'டி' என்று போடுங்கள்.

புளூ-ரே பிளேயர், ஆப்பிள் டிவி போன்றவை எப்போதும் நேராக ரிசீவருக்கு. படம் ரிசீவரைக் கடந்து டிவிக்குப் போகும், ஒலி ரிசீவரிலேயே நின்றுவிடும். டிவி வழியாகச் சுற்றிவந்தால் டிவி நடுவில் தரகர் மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. சில டிவிகள் டிடிஎஸ்ஸைக் கடத்தாது. பழைய டிவிகள் பல, வெளிக்கருவியிலிருந்து வரும் 5.1 ஒலியை இரண்டு சேனலாகச் சுருக்கித்தான் வெளியே விடும்.

டிவிக்குள் இருக்கும் செயலிகளுக்கு வேறு வழியில்லை. ஆர்க் அல்லது இ-ஆர்க்.

செட்டாப் பாக்ஸை மட்டும் நான் டிவியில் மாட்டச் சொல்வேன். விதியைக் கடைப்பிடிக்கும் பலர் அதையும் ரிசீவரில் மாட்டிவிடுகிறார்கள். பிறகு காலையில் செய்தி பார்க்க, மதியம் அம்மா சீரியல் பார்க்க, ஒவ்வொரு முறையும் ரிசீவரை எழுப்பவேண்டியிருக்கிறது. நான்கு நாளில் வீட்டில் சண்டை வரும். ரிசீவர் உறங்கும்போதும் எச்டிஎம்ஐ கடத்தும் வசதி பல மாடல்களில் உண்டு. ஆனால் எந்த உள்ளீட்டைக் கடத்துவது என்பதை வயதானவர்களுக்குப் பழக்குவது கடினம். செட்டாப் பாக்ஸின் டால்பி ஒலியைச் சாதாரண ஆர்க்கே கொண்டுவந்துவிடும், ஆகவே டிவியில் மாட்டுவதால் பெரிய இழப்பில்லை.

கேம் கன்சோலுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. டிவி 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் காட்டும், ரிசீவர் அதைக் கடத்தாது என்றால், கன்சோலை டிவியில் மாட்டி ஒலியை இ-ஆர்க்கில் கொண்டுவாருங்கள். ரிசீவர் பழையதாக இருந்து எச்டிசிபி 2.2 என்ற நகலெடுப்புத் தடுப்புப் பாதுகாப்பு இல்லையென்றால், அதன் வழியாகப் பாதுகாக்கப்பட்ட 4கே படமே போகாது. அப்போது 4கே கருவிகள் எல்லாமே டிவிக்குத்தான். இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடு உள்ள புளூ-ரே பிளேயர் இருந்தால், ஒன்றைப் படத்துக்காக டிவிக்கும், மற்றதை ஒலிக்காக ரிசீவருக்கும் பிரித்துக்கொள்ளலாம்.

5. கேபிள் வாங்குதல்

பாதைகள் முடிவானபின் எத்தனை கேபிள், என்ன நீளம் என்பது தானாகத் தெரிந்துவிடும். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோக நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' சான்று போதும். 120 ஹெர்ட்ஸுக்கு 48 கிகாபிட் தாங்கும் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு'. இந்தச் சான்று உள்ள கேபிள் பெட்டியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் ஒட்டுச்சீட்டு இருக்கும். '8கே', 'தங்க முலாம்' என்று பெட்டியில் அச்சடித்திருப்பதைவிட அந்தச் சீட்டைப் பாருங்கள்.

வீடு கட்டும்போதே கேபிளைச் சுவருக்குள் புதைக்கிறீர்கள் என்றால் மிகவும் கவனம் தேவை. எலக்ட்ரீஷியன் மின்கம்பிக்குப் போடும் முக்கால் அங்குலக் குழாயில் எச்டிஎம்ஐ தலை நுழைவது சிரமம். வளைவில் கட்டாயம் சிக்கும். ஒன்றரை அங்குலக் குழாய் கேளுங்கள், கூர்மையான எல்போ போடாமல் நீண்ட வளைவாகப் போடச் சொல்லுங்கள், உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டுவைக்கச் சொல்லுங்கள். கேபிள் கெட்டுப்போனால் சுவரை உடைக்காமல் மாற்றலாம்.

ஐந்தாறு மீட்டரைத் தாண்டினால் சாதாரணச் செம்புக் கேபிள் தடுமாறத் தொடங்கும். கண்ணாடி இழை உள்ள ஆக்டிவ் எச்டிஎம்ஐ கேபிள் வாங்கவேண்டியிருக்கும். அதற்குத் திசை உண்டு: ஒரு முனை கருவிக்கு, மறுமுனை டிவிக்கு. தலைகீழாகப் புதைத்துவிட்டால் படமே வராது. இன்னொன்று, அந்த வகைக் கேபிள்கள் எல்லாமே ஆர்க் ஒலியைத் திருப்பி அனுப்புவதில்லை. 'இ-ஆர்க்' ஆதரவு உண்டு என்று எழுதியிருப்பதையே வாங்கி, புதைக்கும் முன் தரையில் விரித்துப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

6. ஆர்க் இணைப்பை உயிர்ப்பிக்கும் வரிசை

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. வரிசை மாறினால் எல்லாம் சரியாக மாட்டியும் ஒலி வராது.

முதலில் டிவி, ரிசீவர் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். டிவியின் ஆர்க் குறிப்புள்ள போர்ட்டிலிருந்து ரிசீவரின் எச்டிஎம்ஐ வெளியீட்டுக்குக் கேபிளை மாட்டுங்கள். ஒலி ரிசீவருக்குள் வருவதால் உள்ளீட்டில்தான் மாட்டவேண்டும் என்று தோன்றும். கூடாது. படம் போகும் அதே கேபிளில்தான் ஒலி எதிர்த்திசையில் திரும்பி வருகிறது. ரிசீவரில் இரண்டு வெளியீடு இருந்தால் பெரும்பாலும் முதலாவதில்தான் ஆர்க் இருக்கும். ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் மெனுக்களில் தேடியபின், கேபிள் இரண்டாவது வெளியீட்டில் இருந்ததைக் கண்டுபிடித்தோம்.

இப்போது ரிசீவரை மட்டும் இயக்கி, அதன் மெனுவில் எச்டிஎம்ஐ கன்ட்ரோலையும் ஆர்க்கையும் ஆன் செய்யுங்கள். அடுத்து டிவியை இயக்கி, கருவிகள் எச்டிஎம்ஐ வழியாக ஒன்றுக்கொன்று கட்டளை பரிமாறும் சிஇசி வசதியை ஆன் செய்யுங்கள். இதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஆர்க், சிஇசி வழியாகத்தான் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டறிகிறது. சிஇசி அணைந்திருந்தால் ஆர்க் பேசாது. இ-ஆர்க்குக்குத் தனியாக ஒரு பேச்சுவழி உண்டு, இருந்தாலும் சிஇசியை ஆன் செய்தே வையுங்கள், டிவி ரிமோட்டிலேயே ரிசீவரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம்.

பிறகு டிவியின் ஒலி மெனுவில் மூன்று இடங்கள். ஒலி வெளியீட்டை வெளி ரிசீவருக்கு மாற்றுங்கள். இ-ஆர்க் இருந்தால் 'ஆட்டோ' ஆக்குங்கள். மூன்றாவது, டிஜிட்டல் ஒலி வடிவம். இது 'பிசிஎம்' என்றிருந்தால் 'பாஸ்-த்ரூ' (மாற்றாமல் அப்படியே கடத்துவது) அல்லது 'ஆட்டோ' ஆக்குங்கள். தொடக்கத்தில் சொன்ன ஸ்டீரியோ நோய்க்குப் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் காரணம். பிசிஎம் என்றிருந்தால், டிவி எல்லாவற்றையும் தானே பிரித்து இரண்டு சேனலாக்கி அனுப்பிவிடும்.

இதன் பிறகும் வரவில்லையா? இரண்டு பிளக்கையும் மறுபடி உருவி, இரண்டு நிமிடம் விட்டு மாட்டுங்கள். ரிமோட்டில் அணைத்தால் கருவி உறங்குகிறது, பழைய நினைவு அப்படியே இருக்கும். பிளக்கை உருவினால்தான் இரண்டும் புதிதாகக் கைகுலுக்கும்.

7. ஆப்டிகல் எப்போது?

டிவியில் ஆர்க்கே இல்லாதபோது, அல்லது சிஇசி ஒத்துவராமல் கருவிகள் தாமாக அணைந்து எரிந்து தொல்லை கொடுக்கும்போது. மாட்டும் முன் இரு முனைகளிலும் உள்ள கண்ணாடி போன்ற சின்னப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். அதோடு சேர்த்து அழுத்தி முனையை உடைத்தவர்கள் உண்டு. ஒரு முனையை டிவியில் மாட்டி, மறுமுனையில் சிவப்பு ஒளி தெரிகிறதா என்று உள்ளங்கையில் காட்டிப் பாருங்கள். கேபிளை மடக்கிக் கட்டாதீர்கள், இழை முறியும். டிவியின் ஒலி வடிவத்தை 'டால்பி டிஜிட்டல்' ஆக்குங்கள். ரிசீவரில் எந்த ஆப்டிகல் போர்ட் எந்த உள்ளீட்டின் பெயரில் இருக்கிறது என்பதை 'இன்புட் அசைன்' பகுதியில் சரிபாருங்கள்.

கோஆக்சியலுக்கு ஆரஞ்சு நிறக் குழி. அதைச் சிவப்பு வெள்ளைக் குழியில் மாட்டினால் பாட்டுக்குப் பதில் கரகரப்புதான் வரும்.

ரெக்கார்ட் பிளேயர் இருந்தால், 'ஃபோனோ' என்று எழுதிய குழியிலேயே மாட்டுங்கள். அதன் ஊசி தரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்தான், மற்றக் குழிகளில் முனகலாகக் கேட்கும். பிளேயருக்குள்ளேயே ஃபோனோ பெருக்கி இருந்தால் மட்டும் சாதாரணக் குழி.

8. ஸ்பீக்கர் கம்பியும் சப்-வூஃபரும்

மின்சாரத்தை முழுதாக நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். கம்பியின் ஓர் இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலும் ரிசீவர் பாதுகாப்பு நிலைக்குப் போய் அணைந்துவிடும், சில சமயம் பெருக்கியே கருகிவிடும். தோலை உரித்த முனையை நன்றாக முறுக்கி, அல்லது பனானா பிளக் போட்டு மாட்டுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்று மாறிப்போனால் சத்தம் வரும், ஆனால் பேஸ் மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் மிதக்கும்.

தடிமனைக் கடையில் 'ஒன்றரை ஸ்கொயர்' (1.5 சதுர மில்லிமீட்டர்) என்று கேளுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 15 மீட்டர் வரை அது தாராளம். அதற்கு மேல் போனாலோ 4 ஓம் ஸ்பீக்கர் என்றாலோ 'ரெண்டரை ஸ்கொயர்'. செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கும். அதன் மின்தடை அதிகம், முனையை முறுக்கினால் ஒடியும். முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

சப்-வூஃபருக்கு ஒரே ஓர் ஆர்சிஏ கம்பி, ரிசீவரின் சப் வெளியீட்டிலிருந்து சப்பின் 'எல்எஃப்இ' (ஆழ்ந்த பேஸ் ஒலிக்கான) குழிக்கு. எந்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலி சப்புக்குப் போகும் என்று வெட்டுவது கிராஸ்ஓவர். சப்பின் பின்னால் உள்ள அந்தக் குமிழை உச்சத்தில் வைத்துவிட்டு, ரிசீவரில் 80 ஹெர்ட்ஸ் வையுங்கள். இரண்டு இடத்திலும் வெட்டினால் நடுவில் ஓர் ஓட்டை விழும்.

9. உண்மையில் என்ன வருகிறது என்று பார்ப்பது

காதை மட்டும் நம்பாதீர்கள். ரிசீவர்களில் 'டால்பி சரவுண்ட்' போன்ற முறைகள் உண்டு. அவை இரண்டு சேனலையும் எல்லா ஸ்பீக்கருக்கும் பரப்பிவிடும், கேட்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ரிசீவரின் தகவல் திரையில் 'உள்ளே வரும் சிக்னல்' என்ற வரியைப் பாருங்கள். ஒலி முறை என்ற வரி, ரிசீவர் அதை என்ன செய்கிறது என்பதைத்தான் சொல்லும்.

ஓடிடியில் அட்மாஸ் குறியுள்ள படத்தைப் போட்டால் 'டால்பி அட்மாஸ்' என்று வரவேண்டும். 'டால்பி டிஜிட்டல்' என்று மட்டும் வந்தால் டிவி மாற்றி அனுப்புகிறது, ஆறாம் படிக்குத் திரும்புங்கள். கணக்கின் சந்தா அட்மாஸ் தரும் வகைதானா என்பதையும் பாருங்கள்.

புளூ-ரே பிளேயரில் இரண்டு அமைப்புகள்: ஒலி வெளியீடு 'பிட்ஸ்ட்ரீம்' (வட்டில் உள்ள ஒலியைப் பிரிக்காமல் அனுப்புவது), துணை ஒலி 'ஆஃப்'. துணை ஒலி ஆன் என்றிருந்தால் பிளேயர் மெனுச் சத்தத்தைப் படத்தின் ஒலியோடு தானே கலந்து அனுப்பும். ட்ரூ எச்டி அட்மாஸ் அப்போது ரிசீவரை எட்டாது.

10. 'உம்' சத்தமும் உதட்டசைவும்

எல்லாம் முடிந்தபின் ஸ்பீக்கரில் விடாமல் 'உம்' என்று ஓர் ஓசை கேட்டால், முதலில் செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி அல்லது டிஷ் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். ஓசை நின்றால் காரணம் அதுதான். வெளியிலிருந்து வரும் அந்தக் கம்பியின் உறைக்கும் வீட்டு எர்த்துக்கும் மின்னழுத்த வேறுபாடு இருக்கும். அது உங்கள் கேபிள்கள் வழியாக ஓடி ஓசையாகிறது. கம்பியில் அந்த மின்தொடர்பை அறுக்கும் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்கள். டிவியை ரிசீவரோடு இணைக்கும் எச்டிஎம்ஐயைக் கழற்றிவிட்டு ஆப்டிகலில் ஒலி எடுப்பதும் ஒரு வழி, ஒளி மட்டும் போவதால் மின்தொடர்பு அறுந்துவிடும். பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவதையோ எர்த் கம்பியைக் கழற்றுவதையோ எவர் சொன்னாலும் செய்யாதீர்கள். உலோக உடல் உள்ள கருவியில் அது உயிருக்கு ஆபத்து.

ஒலியும் உதடும் ஒத்துவராவிட்டால், எது முந்துகிறது என்று கவனியுங்கள். ஒலி முந்தினால் ரிசீவரின் 'ஆடியோ டிலே'யை 10 மில்லிநொடி வீதம் கூட்டுங்கள், செய்தி வாசிப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. ஒலி பிந்தினால் ரிசீவரால் அதை முன்னால் இழுக்க முடியாது. டிவியின் ஒலித் தாமத அமைப்பைப் பூஜ்ஜியமாக்கி, ஒலி வடிவத்தைப் 'பாஸ்-த்ரூ' ஆக்குங்கள். டிவி ஒலியைப் பிரித்து மறுபடி கட்டும் நேரம் மிச்சமாகும். அப்படியும் பிந்தினால் அந்தக் கருவியை 'டி'-யிலிருந்து 'ரி'-க்கு மாற்றி, நேராக ரிசீவரில் மாட்டிப் பாருங்கள்.